ப்ராசஸரை மெதுவாக்கினால் சார்ஜ் நிற்குமா?

லேப்டாப் சார்ஜ் நிற்கவில்லை என்று யாரிடம் சொன்னாலும் முதலில் கிடைக்கும் யோசனை ப்ராசஸர் வேகத்தைக் குறைக்கச் சொல்வதுதான். வேகமாக ஓடினால் அதிகம் தின்னும், மெதுவாக ஓடினால் குறைவாகத் தின்னும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வேகத்தைக் குறைத்ததால் மட்டுமே ஒரு பைசா மிச்சமாகாத சந்தர்ப்பங்கள் நிறைய உண்டு. குறைத்ததாலேயே பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிற சந்தர்ப்பமும் உண்டு. மிச்சம் பிடிப்பது வேகம் இல்லை, வேகத்தோடு சேர்ந்து இறங்குகிற வோல்டேஜ். அதைவிட அதிகம் மிச்சம் பிடிப்பது தூக்கம். ப்ராசஸரின் தூக்கத்தைச் சொல்கிறேன், நம்முடையதை இல்லை.

லேப்டாப்பில் இந்த வித்தை பெரிய அளவில் வந்தது 2000 ஜனவரியில். இன்டெல் தன் மொபைல் பென்டியம் 3 சிப்பில் ஸ்பீட்ஸ்டெப் என்ற வசதியைக் கொண்டுவந்தது. சார்ஜர் சொருகியிருந்தால் 650 மெகாஹெர்ட்ஸ், பிடுங்கினால் 500. அவ்வளவுதான், நடுவில் படிகள் கிடையாது. அதே வாரத்தில் டிரான்ஸ்மெட்டா என்ற சின்னக் கம்பெனி க்ரூஸோ என்ற சிப்பை அறிவித்தது. வேலைப்பளுவைப் பார்த்து ஓடும்போதே வேகத்தையும் வோல்டேஜையும் மாற்றிக்கொண்டே இருக்கும் சிப் அது. (லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது அங்கேதான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.) கம்பெனி நிலைக்கவில்லை, யோசனை நிலைத்தது. இன்று நம் பையில் இருக்கும் போன் வரைக்கும் எல்லாச் சிப்பும் அந்த வழியில்தான் போகிறது.

இன்டெல் சிப்பில் 650 என்பது 500 ஆனபோது வேகம் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் இறங்கியது. ஆனால் கூடவே வோல்டேஜும் 1.6-இலிருந்து 1.35-க்கு இறங்கியது. சிப்புக்குள் இருக்கும் ட்ரான்சிஸ்டர் என்ற குட்டி ஸ்விட்ச் ஒவ்வொன்றும் ஆன் ஆஃப் என்று மாறும்போது ஒரு குட்டி மின்தேக்கியை நிரப்பிக் காலி செய்கிற மாதிரி. அதற்கு ஆகும் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக 1.35-ஐ 1.6-ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, வேக விகிதத்தால் பெருக்கினால் பழைய செலவில் ஏறத்தாழ 55 சதவீதம் வருகிறது. வேகத்தில் 23 சதவீதம் விட்டுக்கொடுத்து, செலவில் 45 சதவீதம் மிச்சம். இந்தக் கணக்கில் வேகத்தின் பங்கைத் தனியாகப் பாருங்கள். வேகம் குறைந்தால் வினாடிக்கு ஆகும் செலவு குறையும், சரி, ஆனால் வேலை முடிய அதே விகிதத்தில் நேரம் கூடும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு வேலைக்கு ஆகும் மொத்த ஆற்றலில் கடைசியில் மிஞ்சுவது வோல்டேஜ் கொடுத்த லாபம் மட்டும்.

அப்படியானால் வேகத்தை ஏன் குறைக்க வேண்டும், வோல்டேஜை மட்டும் குறைத்துவிடலாமே? முடியாது. வேகமாக மாற வேண்டுமானால் ட்ரான்சிஸ்டருக்குத் தள்ளுவிசை வேண்டும், வோல்டேஜ்தான் அந்தத் தள்ளுவிசை. போதாமல் கொடுத்தால் கணக்கு தப்பும், மெஷின் உறைந்து நிற்கும். வேகத்தைக் குறைப்பது வோல்டேஜைக் குறைக்க அனுமதி வாங்குவதற்காகத்தான்.

இது தெரியாமல் ஒரு காலத்தில் நிறையப் பேர் ஏமாந்தார்கள். பென்டியம் 4 நாட்களில் லினக்ஸில் பி4-க்ளாக்மாட் என்று ஒரு டிரைவர், அதாவது சிப்பைக் கட்டுப்படுத்தும் நிரல், இருந்தது. அதைப் போட்டால் ப்ராசஸர் வேகத்தை எட்டில் ஒரு பங்கு வரைக்கும் இறக்கலாம். திரையில் எண் இறங்குவதைப் பார்த்தால் மனசு குளிரும். உள்ளே நடந்ததோ வேறு. அந்த வசதி சிப் சூடேறிப் போகாமல் காப்பாற்ற வைத்தது. ப்ராசஸருக்குத் தாளம் போடும் க்ளாக்கின் துடிப்புகளில் சிலவற்றை விட்டுவிட்டு ஓடும், அவ்வளவுதான். வோல்டேஜ் ஒரு துளிகூட இறங்காது. வேலை எட்டு மடங்கு நேரம் எடுக்கும், வேலைக்கான செலவு அப்படியே இருக்கும், அதற்குமேல் கசிவு மின்சாரம் வேறு எட்டு மடங்கு நேரத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். சிப் எந்த வேலையும் செய்யாமல் விழித்திருந்தாலே கொஞ்சம் மின்சாரம் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும், அதைத்தான் கசிவு என்கிறேன்.

உண்மையான படிகள் உள்ள சிப்புக்கு நல்ல உதாரணம் 2003-இல் வந்த பென்டியம் எம். 1.6 கிகாஹெர்ட்ஸ் மாடலுக்கு ஆறு படிகள், மேலே 1.484 வோல்ட், கீழே 600 மெகாஹெர்ட்ஸில் 0.956 வோல்ட். வெப்பக் கணக்குக்கு இன்டெல் கொடுத்த எண்கள் மேல்படிக்கு 24.5 வாட், கீழ்ப்படிக்கு 6 வாட். நான் சொன்ன வர்க்கக் கணக்கைப் போட்டால் கீழ்ப்படிக்கு 4 வாட்கூட வராது, ஆனால் 6 என்றுதான் கொடுத்திருக்கிறார்கள். மேலே சொன்ன கசிவெல்லாம் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

இப்போது ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். மேல்படியில் 10 வினாடி ஆகும் வேலை. ப்ராசஸர் தின்பது 245 ஜூல். அதையே கீழ்ப்படியில் செய்தால் கிட்டத்தட்ட 27 வினாடி, ப்ராசஸர் தின்பது 160 ஜூல். ப்ராசஸரை மட்டும் பார்த்தால் மெதுவானதுதான் ஜெயிக்கிறது. ஆனால் பேட்டரி ப்ராசஸருக்கு மட்டும் சோறு போடவில்லையே. திரை, மெமரி, டிஸ்க், வைஃபை, மதர்போர்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 வாட் என்று வையுங்கள், அந்தக் கால லேப்டாப்புக்கு இது அதிகம் இல்லை. வேகமான வழியில் 100 ஜூல் கூடுகிறது, மொத்தம் 345. மெதுவான வழியில் 267 கூடுகிறது, மொத்தம் 427. வேலை முடிந்ததும் மூடியைச் சாத்திவிட்டுப் போகிற ஆளாக இருந்தால், மெதுவாக ஓட்டியதில் உங்களுக்கு நஷ்டம்.

கல்யாண மண்டபத்தில் சமையல் மாதிரிதான் இது. சமையல்காரரை நிதானமாகச் செய்யச் சொன்னால் விறகு கொஞ்சம் மிச்சமாகலாம், ஆனால் மண்டப வாடகையும் லைட்டும் ஜெனரேட்டரும் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அதுவும் தப்பு. நீங்கள் ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், நடுவில் பின்னணியில் ஏதோ வேலை ஓடுகிறது. வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் திரை எரிந்துகொண்டுதான் இருக்கப் போகிறது. அப்போது மண்டப வாடகை இரண்டு பக்கமும் ஒன்றுதான், அதை அடித்துவிடலாம். மிஞ்சுவது 245-க்கும் 160-க்கும் உள்ள வித்தியாசம், மெதுவானது நல்ல லாபம். இன்னொன்று, டிஸ்க்குக்கோ நெட்டுக்கோ மெமரிக்கோ காத்திருக்கிற வேலையாக இருந்தால் ப்ராசஸரை மெதுவாக்கினாலும் நேரம் அவ்வளவாகக் கூடாது, அங்கேயும் மெதுவுக்கே லாபம். ஆக, கேட்க வேண்டிய கேள்வி மெஷின் யாருக்காகக் காத்திருக்கிறது என்பதுதான். நீங்கள் ப்ராசஸருக்காகக் காத்திருந்தால் வேகமாக முடிக்க விடுங்கள். ப்ராசஸர் உங்களுக்காகக் காத்திருந்தால் அது மெதுவாகவே போகட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே வேகத்தில் கட்டிவைப்பது இரண்டுக்கும் உதவாது.

போன லீவில் அக்கா மகன் வந்திருந்தான், இன்ஜினியரிங் படிக்கிறான். "மாமா, ப்ராசஸர அம்பது பர்சன்ட்ல கட்டிப்போட்டா சார்ஜ் டபுளா நிக்குமாம்லா, நெசமா?" என்றான். ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான், விண்டோஸ் பவர் ஆப்ஷனில் போய் அதிகபட்ச ப்ராசஸர் நிலையை 50 என்று வைத்தும் விட்டான். அவன் லேப்டாப் இழுத்துக்கொண்டு நடந்தது, ஃபேன் மட்டும் நிற்கவே இல்லை. "டேய், ஃபேன் ஏன் சுத்துதுன்னு முதல்ல பாரு" என்றேன். சும்மா டெஸ்க்டாப்பைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் லேப்டாப்பில் ஃபேன் ஓடுகிறதென்றால், உள்ளே யாரோ ப்ராசஸரைத் தூங்க விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தூக்கம் என்றேனே, அந்த விஷயம் இதுதான். நவீன ப்ராசஸருக்கு ஓடும்போது எத்தனை வேகப்படிகள் உண்டோ அது மாதிரி ஓடாதபோது தூக்கப்படிகளும் உண்டு. முதல் படியில் க்ளாக்கை மட்டும் நிறுத்துவார்கள். ஆழமான படிகளில் கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி ஒவ்வொன்றும் ஒரு கோர்) தன் நிலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வோல்டேஜையே ஏறத்தாழ பூஜ்யத்துக்கு இறக்கிவிடும், கசிவும் சேர்ந்தே நின்றுபோகும். எல்லாக் கோரும் கிராஃபிக்ஸும் ஒரே நேரத்தில் தூங்கினால்தான் சிப் முழுதும் இன்னும் ஆழத்துக்குப் போக முடியும். ஒரே ஒரு நிரல் எழுப்பிக்கொண்டிருந்தாலும் மொத்தக் குடும்பமும் விழித்திருக்க வேண்டியதுதான். எழுந்து திரும்பத் தூங்கவே செலவு ஆகும் என்பதால், எத்தனை நேரம் தூங்கியது என்பதோடு எத்தனை முறை எழுப்பப்பட்டது என்பதும் முக்கியம்.

இதை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது 2007. அதுவரை லினக்ஸின் உயிர்நாடியான கர்னல் என்ற நிரல், வேலை இருக்கிறதோ இல்லையோ, வினாடிக்குச் சில நூறு முறை, சில அமைப்புகளில் ஆயிரம் முறை, ப்ராசஸரைத் தட்டி எழுப்பி 'ஏதாவது உண்டா' என்று கேட்கும். அந்த வருஷம் வந்த 2.6.21 கர்னல் அந்தப் பழக்கத்தை விட்டது, தேவைப்பட்டால்தான் எழுப்பும். கையோடு இன்டெல் பவர்டாப் என்ற கருவியை வெளியிட்டது. எந்த நிரல் வினாடிக்கு எத்தனை முறை எழுப்புகிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும் கருவி. அதுவரை நல்லபிள்ளை வேஷம் போட்டுக்கொண்டிருந்த எத்தனையோ நிரல்களின் குட்டு அப்போது வெளிப்பட்டது. விண்டோஸ் பக்கமும் இதே கதைதான். அங்கே வழக்கமான இடைவெளி 15.6 மில்லிவினாடி, ஆனால் எந்த நிரலும் அதை 1 மில்லிவினாடியாக்கச் சொல்லிக் கேட்கலாம். க்ரோம் ப்ரௌசர் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தது 2014-இல் பெரிய பேச்சாகி, பிறகு சரிசெய்தார்கள்.

சரி, வேகத்துக்குத் திரும்புவோம், ஏனென்றால் நாம் கைவைத்து லாபம் பார்க்கக்கூடிய ஒரு இடம் அங்கே உண்மையிலேயே இருக்கிறது. கீழ்ப்படியில் இல்லை, உச்சியில். இன்டெல் 2008-இல் நெஹாலம் சிப்போடு டர்போ பூஸ்டைக் கொண்டுவந்தது. சூடும் மின்சாரமும் அனுமதித்தால் சொன்ன வேகத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஓடும் வசதி. ஆரம்பத்தில் சின்னத் தாண்டல்தான், பிறகு தாவலாகிவிட்டது. 2017-இல் வந்த ஐ5-8250யு பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போ 3.4. பெட்டியில் 15 வாட் என்று போட்டிருக்கும், ஆனால் லேப்டாப் செய்தவர் அனுமதித்திருந்தால் சில வினாடிகளுக்கு 40 வாட் பக்கம்கூட இழுக்கும். அந்தக் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு வோல்டேஜை மிக அதிகமாக ஏற்ற வேண்டியிருக்கிறது, அதன் வர்க்கம் நம் தலையில் விழுகிறது. ஒரு வலைப்பக்கம் கால் வினாடி முன்னால் திறப்பதற்கு இவ்வளவு கொடுக்க வேண்டுமா? பேட்டரியில் ஓடும்போது டர்போவை அணைத்துவிடுவேன், எனக்கு இழப்பாகத் தெரிந்ததில்லை. விண்டோஸில் அதிகபட்ச ப்ராசஸர் நிலையை 99 என்று வைத்தாலே பெரும்பாலான மெஷின்களில் டர்போ நின்றுவிடும், 50-க்கெல்லாம் இறங்க வேண்டியதில்லை. சில புது லேப்டாப்களில் அந்த அமைப்பையே ஒளித்து வைத்திருக்கிறார்கள், அங்கே மின்திறன் சேமிப்பு முறையைத் தேர்ந்தெடுத்தாலே ஓரளவு அதே வேலை நடந்துவிடும்.

வோல்டேஜ்தான் எல்லாம் என்றால் அதே வேகத்தில் வோல்டேஜை மட்டும் கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாமே என்று தோன்றியிருக்கும். அதற்கும் கொஞ்சம் இடம் இருந்தது. தொழிற்சாலையில் எல்லாச் சிப்பும் ஒன்றுபோல வராது என்பதால் கம்பெனிக்காரர்கள் பாதுகாப்புக்குச் சற்று அதிகமாகவே வோல்டேஜ் வைத்து அனுப்புவார்கள். அந்த உபரியைச் சுரண்டி எடுப்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்த கூட்டம் ஒன்று உண்டு. வேகத்தில் ஒன்றும் இழக்காமல் சூடும் குறைந்து சார்ஜும் நிற்கும், இதைவிட என்ன வேண்டும். 2019 டிசம்பரில் அதற்கு ஆப்பு வந்தது. மென்பொருள் வழியாகவே வோல்டேஜைச் சரியான நொடியில் இறக்கி, ப்ராசஸரைக் கணக்குத் தப்பவைத்து, அதன் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் இருக்கும் ரகசியச் சாவிகளை எடுக்கலாம் என்று பர்மிங்காம், கிராட்ஸ், லூவன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ப்ளண்டர்வோல்ட் என்று அதற்குப் பெயர். அதன் பிறகு வந்த பயாஸ் (மெஷினைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) அப்டேட்டுகளில் பல லேப்டாப்களில் அந்தக் கதவு பூட்டப்பட்டது. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அந்தப் பெட்டகத்தை என் மாதிரி வீட்டு லேப்டாப்காரர்களில் எத்தனை பேர் தெரிந்து பயன்படுத்தினார்கள்? பூட்டு மட்டும் எல்லாருக்கும்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கவர்னர் என்று ஒரு அமைப்பு இருக்கும், வேகத்தை எப்படி ஏற்றி இறக்குவது என்று முடிவு செய்வது அதுதான். 2004-இல் ஆன்டிமாண்ட் வந்தது, 2016-இல் ஷெட்யூட்டில் வந்தது, இரண்டும் வேலைப்பளுவைப் பார்த்து நடப்பவை. பவர்சேவ் என்ற பெயரில் இருப்பதுதான் குழப்பும். பழைய பொது டிரைவரில் அதைப் போட்டால் ப்ராசஸர் கீழ்ப்படியில் ஆணியடித்த மாதிரி நின்றுவிடும், மேலே சொன்ன 427 ஜூல் கதைதான். ஆனால் 2013-இல் வந்த இன்டெல் பி-ஸ்டேட் டிரைவரில் அதே பெயர், தேவைக்கேற்ப ஏறி இறங்கும் நல்ல முறையைக் குறிக்கும். பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு அதைப் பார்த்துப் பயந்து பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2015-இல் ஸ்கைலேக் சிப் வந்த பிறகு வேகத்தைத் தீர்மானிக்கும் வேலையை ப்ராசஸரே எடுத்துக்கொண்டது. ஆபரேட்டிங் சிஸ்டம் யோசித்து முடிப்பதற்குள் அது மில்லிவினாடி கணக்கில் ஏறி இறங்கிவிடும். நாம் சொல்ல வேண்டியது வேகமா சிக்கனமா என்ற விருப்பத்தை மட்டும். அந்த விருப்பத்தைப் பேட்டரியில் சிக்கனம் பக்கம் தள்ளிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது நல்லது, அதைவிடச் சாமர்த்தியமாக ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி ஜெயிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி சூடு. கசிவு மின்சாரம் சிப் சூடாக ஆக ஏறிக்கொண்டே போகும். திருநெல்வேலியில் சித்திரை வெயிலில் மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்தால், குளிர்பதன அறையில் இருக்கும் அதே மெஷினைவிட அது அதிகம் தின்னும், ஃபேனுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். 2012-இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், பகலில் மணிக்கணக்காகக் கரண்ட் இருக்காது, மின்விசிறியும் ஓடாது, மடியில் தலையணை வைத்து அதன்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்ப்போம். அடியில் இருக்கும் காற்றுத்துளைகளைத் தலையணை அடைத்துக்கொள்ளும். பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டிய நேரத்தில் அதைத் தீர்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. ஃபேனில் அடைந்த தூசியை வருஷத்துக்கு ஒரு தரம் எடுத்துவிட்டாலே எத்தனையோ அமைப்புகளை மாற்றுவதைவிட மேல்.

புது மெஷின்களில் இந்தச் சண்டையை வேறு விதமாகத் தீர்க்கிறார்கள். சிப் வடிவமைக்கும் ஏஆர்எம் கம்பெனி 2011-இல் போன்களுக்குக் காட்டிய வழி, பெரிய கோர் கொஞ்சம், சின்னக் கோர் கொஞ்சம். ஆப்பிள் 2020-இல் எம்1-இலும், இன்டெல் 2022-இல் ஆல்டர் லேக்கிலும் அதை லேப்டாப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே கோரை மெதுவாக ஓட்டுவதற்குப் பதில், மெதுவாக ஓடுவதற்கென்றே பிறந்த கோருக்கு வேலையைத் தள்ளிவிடுவது. நல்ல யோசனைதான், ஆனால் அதிலும் பின்னணியில் ஒரு நிரல் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தால் சின்னக் கோருக்கும் தூக்கம் கிடையாது.

எதை மாற்றினாலும் அளந்து பாருங்கள். வாட்டில் அளப்பதுதான் நல்லது, 'இன்னும் 4 மணி நேரம்' என்று திரை சொல்வதை நம்பினால் நிமிஷத்துக்கு ஒரு பேச்சு பேசும். லினக்ஸில் பேட்டரி எத்தனை வாட் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பவர்டாப்பே காட்டும், விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் வாங்கியபோது இருந்த கொள்ளளவும் இப்போது இருப்பதும் தெரியும். 50 வாட்-மணி பேட்டரி, மெஷின் சராசரி 5 வாட் தின்றால் 10 மணி நேரம், 10 வாட் தின்றால் 5. இந்த வகுத்தலுக்குள்தான் எல்லாமே. திரை வெளிச்சத்தைப் பாதிக்கு இறக்கிவிட்டு வாட்டைப் பாருங்கள், சும்மா இருக்கும் மெஷினில் ப்ராசஸர் அமைப்புகள் அத்தனையும் சேர்ந்து கொடுக்காத மிச்சத்தை அது ஒன்றே கொடுப்பதும் உண்டு.

மருமகன் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். அசையும் வால்பேப்பர் ஒன்று, அதுவே தானாகத் தொடங்கிக்கொள்ளும் கேம் லாஞ்சர்கள், எப்போதோ திறந்து மறந்துபோன டேப் ஒன்றில் ஒலி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த விளம்பர வீடியோ. எல்லாவற்றையும் நிறுத்தினோம், 50-ஐ 99 ஆக்கினோம், வெளிச்சத்தைக் குறைத்தோம். கொஞ்ச நேரத்தில் ஃபேன் அடங்கியது, மெஷினும் முன்னைவிடச் சுறுசுறுப்பாக இருந்தது. ஆனால் வால்பேப்பர் போனதில் அவனுக்கு மனசில்லை.

"மாமா, அப்ப கேம் வெளாடும்போது சார்ஜ் நிக்க என்ன பண்ணணும்?"

"சார்ஜரச் சொருகிக்கோ."